வெறும் சிலிக்கன் துண்டு

என்னை நேர்மைக்கு உதாரணமாக என் பேராசிரியர் இன்றும் வகுப்பில் சொல்வாராம். கேட்கும்போதெல்லாம் கூசிப்போகிறேன்.

மின்சாரம் கடத்தும் மூலக்கூறுகளை, கடத்தாத பூச்சுள்ள சிலிக்கன் துண்டுகளின் மேல் மெல்லிய படலமாக வளர்ப்பதுதான் என் ஆராய்ச்சி. இரண்டு வருடமாக ஒரு படலமும் கடத்தவில்லை. பட்டத்துக்கான கடைசி மாதத்தில் பல்கலைக்கழகமும் மூடப்பட, துண்டுகளோடும் மின்சாரம் அளக்கும் மீட்டரோடும் உப்பளக் கரையிலுள்ள பாலாவிக்கு, வீட்டுக்கு வந்தேன். மேசையில் வைத்தே ஒரு துண்டில் கரைசலைச் சொட்டவிட்டுக் காயவைத்தேன். மறுநாள் மீட்டரின் முள் அசைந்தது! அழுதுகொண்டே பேராசிரியர் சேருக்குப் போன் எடுத்தேன்.

"ஆய்வேட்டை எழுதத் தொடங்குங்க" என்றார்.

அன்று பின்னேரம் உம்மா யன்னல் கண்ணாடியைத் துடைத்தபடி அலுத்துக்கொண்டார்.

"நேத்துத்தான் தொடச்சேன். உப்பளத்துக் காத்து திரும்பவும் பூசியிருக்கு."

மீட்டரை எடுத்துக்கொண்டு மேசைக்கு ஓடினேன். கரைசல் சொட்டாத வெறும் துண்டொன்றும் அங்கே கிடந்தது. படலம் இல்லாததால் அதில் முள் அசையவே கூடாது. மீட்டரை வைத்தேன். அதே அளவு அசைந்தது. கடத்தியது என் படலமல்ல, ஈர உப்பு.

அந்தத் துண்டை அலுமாரியில் ஒளித்துவிட்டு மூன்று நாள் எழுதினேன்.

"எழுதி முடிஞ்சிதா மகள்?" என்று உப்பளத்தால் வந்த வாப்பா ஆசையாகக் கேட்டார். எழுதிய தாள்களை மூடிவைத்தேன்.

நாலாம் நாள், கடத்தியது உப்புத்தான் என்று சேரிடம் சொன்னேன்.

"வெறும் துண்டை எப்ப அளந்தீங்க?"

"இப்பதான் சேர்."

"உடனே சொன்னீங்களே, அது பெரிய விசயம். எழுதி முடிக்க இன்னும் கொஞ்சக் காலம் தவணை வாங்கித் தாறேன்" என்றார்.

அந்தத் தவணையில்தான் பட்டம் பெற்றேன். மூன்று நாளை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.