நல்ல நாளில் பார்த்த வீடு

காலை எட்டேகாலுக்கு எங்கள் தீவின் ஜார்ஜ்டவுன் துறையில், பெருநிலத்துக்குப் போகும் ஃபெரி ஏறினோம். ஆளுக்கு இரண்டு வெள்ளி கட்டணம். கார் வைத்திருப்பவர்களுக்கு ஃபெரி எதற்கு என்று கேட்பீர்கள். இப்போதுள்ள ஃபெரியில் கார் ஏறாது. எங்கள் பழைய காரை நம்பிப் பாலத்தில் நாங்கள் ஏற மாட்டோம். வேறு வழி இல்லை.

தீபாவளி முடிந்து முறுக்கு டின்னின் அடி இன்னும் தெரியாத வாரம் அது. நானும் என் கணவரும் வீடு பார்க்கக் கிளம்பியிருந்தோம். இருபது வருடத்துக்கு மேலாக வாடகைக்கு இருந்த மாடி வீட்டைச் சொந்தக்காரர் விற்கப் போகிறார். வருடக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மார்கழியில் நான் வீடு மாற மாட்டேன் என்பதால், என் கணக்குக்குக் கார்த்திகையே கடைசி.

என் கணவர் முப்பது வருடம் இதே கடலைத் தாண்டிப் பிறை என்னும் ஊருக்கு வேலைக்குப் போனவர். தகர டப்பா செய்யும் தொழிற்சாலையில், தகட்டை அடித்து வளைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். இடது காது அங்கேயே போய்விட்டது. வலது காதில் பாதி மிச்சம். எங்கள் மாடிக்குக் கீழே கோப்பிக் கடை இருந்த இடத்தில் இப்போது இரவெல்லாம் பாட்டுப் போடும் கடை வந்துவிட்டது. சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள், ஊர் வளர்கிறது, எல்லாம் சரிதான். அவர் மட்டும் தலையணையை வலது காதில் அழுத்திக்கொண்டு படுக்கிறார். எங்கே வீடு வேண்டும் என்று கேட்டபோது வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றைக் கேட்டார்.

"மிச்சம் இருக்கிற காதுல நல்ல சத்தமா நாலு கேட்டுட்டுப் போறேன், மல்லிகா."

தீவில் அப்படி நல்ல சத்தம் மட்டும் கேட்கிற அமைதியான இடங்கள் உண்டு. ஆனால் அங்கே விலை கேட்டால் மிச்சக் காதும் அடைத்துப்போகும். அதனால்தான் பெருநிலத்துப் பக்கம் வந்தோம்.

பட்டர்வொர்த்தில் இறங்கி, நடைபாலம் வழியாகவே ரயில் நிலையத்துக்குப் போய், நிபோங் திபாலுக்குக் கொமுட்டர் ரயில் ஏறினோம். நல்ல குளிர்சாதனம், காலி இருக்கை. புக்கிட் மெர்தாஜாம் தாண்டியதும் தொழிற்சாலைக் கூரைகள் குறைந்து செம்பனை தொடங்கிவிடுகிறது. எதிரில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண்மணியிடம் அந்தப் பக்கம் நல்ல மீன் எங்கே கிடைக்கும், வெயில் எப்படி, கொசு உண்டா என்றெல்லாம் கேட்டு வைத்தேன். வீடு வாங்கப் போகிறவள் கேட்கவேண்டிய ஒரே கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நிலையத்தில் சேவியர் காத்திருந்தார். வீடு விற்றுத் தரும் ஏஜென்ட், சிம்பாங் அம்பாட்காரர், கத்தோலிக்கர். நாற்பது வயது இருக்கும். நான் போனில் முதலில் கேட்டது விலையை அல்ல, நல்ல நாளை. அவரும் அசரவில்லை.

"வளர்பிறை தசமி அன்னிக்கு வாங்க அக்கா. அஷ்டமி நவமியில நான் யாருக்கும் அப்பாய்ன்மெண்டே போடுறதில்ல லா. எங்க வீட்ல கேலண்டர்ல மாதா படம் இருக்கும், நம்ம கஸ்டமருக்காக ஆபீஸ்ல முருகன் கேலண்டரும் மாட்டியிருக்கேன்."

நான் நாள் பார்க்கிறவள். மறைக்க என்ன இருக்கிறது? கத்தரிக்காய்ச் செடி வைத்தாலும் கேலண்டரைப் பார்த்துத்தான் வைப்பேன். என் கணவர் இதைக் கிண்டல் செய்வார், ஆனால் மீறமாட்டார்.

டவுனிலிருந்து கடற்கரைப் பக்கம் பன்னிரண்டு கிலோமீட்டர். ஊர்ப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த மாதமே விலை ஏறிவிடும், நான் அவ்வளவு நல்லவள் இல்லை. செம்பனைத் தோட்டம் முடிந்து, சூரா என்கிற சின்னத் தொழுகையிடம் ஒன்றைத் தாண்டி, தார்ச்சாலையிலிருந்து இடப்பக்கம் ஒரு மண் சந்து இறங்குகிறது. பத்துப் பன்னிரண்டு வீடுகள். சந்து முடிகிற இடத்தில் கண்டல் காடு, சதுப்பில் வேர் ஊன்றிய அலையாத்தி மரங்கள். அதற்கப்பால் சேறு, அதற்கப்பால் கடல்.

கடைசிக்கு முந்தைய வீடுதான் எங்களுக்குக் காட்டியது. கீழே செங்கல், மேலே பலகை, தகரக் கூரை. மூன்று படி ஏறி உள்ளே போக வேண்டும். இரண்டு அறை, அகலமான அடுப்படி, பின்னால் நான்கு தென்னை, ஒரு மாமரம். ஈப்போவுக்கு மகனோடு போய்விட்ட சீனர் ஒருவருடையது. நிலத்துக்குச் சொந்தப் பட்டா. விலை ஒரு லட்சத்து முப்பதாயிரம் வெள்ளி. ஜார்ஜ்டவுனில் அந்தப் பணத்துக்கு யாரும் ஜன்னலைக்கூடத் திறந்து காட்டமாட்டார்கள்.

நான் சுவரைத் தட்டினேன், குழாயைத் திறந்தேன், அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் கொசு உண்டா என்று கேட்டேன், அடுப்படி எந்தத் திசை என்று பார்த்தேன், தென்கிழக்கு. மனம் குளிர்ந்துவிட்டது. என் கணவர் எதையும் தட்டவில்லை. சந்து முனையில் போய், வலது காதைக் கண்டல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். ஈரச் சேற்றில் மீனும் தவளையும் சேர்ந்த மாதிரி ஒன்று துள்ளித் துள்ளி நடந்தது. ஒரு வெள்ளைக் கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. மீன்கொத்தி ஒன்று கத்திக்கொண்டு போனது.

"கேட்டுச்சு," என்றார். அவ்வளவுதான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் எப்படி வேறு வீடு பார்ப்பேன்?

முன்பணம் கொடுக்க நாள் குறித்தேன். ஐப்பசிப் பௌர்ணமி, சிவன் கோயிலில் அன்னாபிஷேகம் நடக்கும் நாள். அதைவிட நிறைந்த நாள் எது? புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் தொடங்குகிறது. அதற்கு முன்னால், அந்த வீட்டு வாசற்படியில் வைத்தே கொடுத்துவிடுவது என்று முடிவு. அன்று கோயிலுக்குப் போகலையா என்று சேவியர் கேட்டார். சாயங்காலம் போகலாம் என்றேன்.

அன்று மீண்டும் அதே ஃபெரி, அதே ரயில். என் பையில் எவர்சில்வர் தட்டு, வெற்றிலை பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், கவரில் முன்பணம். ரயில் தாமதமாகக் கிளம்பியதில் எனக்குக் கைகால் ஓடவில்லை. பதினொன்றரைக்குத்தான் சேவியரின் கார் அந்த ஊருக்குள் நுழைந்தது.

தார்ச்சாலை ஓரத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. கல்யாணமா என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் மூன்று பேருமே சந்து இருந்த பக்கம் பார்த்துவிட்டோம்.

சந்து இல்லை. தண்ணீர்தான் இருந்தது. கண்டல் காட்டுக்குள்ளிருந்து சத்தம் போடாமல் கடல் உள்ளே வந்து, வேலிக்கு வேலி நிறைந்து, வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது. மூன்று படி வைத்த வீட்டுக்கு முதல் படி காணோம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தம்பி, இது என்னா? இதைத்தான் எங்க தலையில கட்டப் பார்த்தீங்களா?"

சேவியரின் முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா தெரியாது அக்கா! இந்த வீடு என் கைக்கு வந்து ரெண்டு மாசம். எட்டுக் குடும்பத்துக்குக் காட்டியிருக்கேன். ஒரு நாளும் தண்ணியைப் பார்க்கல."

"எட்டுத் தரமும் எப்படிப்பா பார்க்காமப் போச்சு?"

அவர் யோசித்தார். அவருக்கே அப்போதுதான் புரிந்தது போலிருக்கிறது. "எல்லாரும் நம்ம ஆளுங்க அக்கா. பஞ்சமி, தசமின்னு நல்ல நாள் பார்த்து வருவாங்க. பௌர்ணமி, அமாவாசைன்னா எல்லாரும் கோயிலுக்குப் போயிருவாங்க. அன்னிக்கு வீடு பார்க்க யாரு வர்றா?"

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் பொங்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கடல் சூழ்ந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டுச் சுவரில் வளர்பிறை தேய்பிறை போட்ட கேலண்டர் தொங்குகிறது. தினமும் அதைத்தான் கிழிக்கிறேன். அடுப்படியின் திசையை மட்டும் பார்த்தேன்.

என் கணவர் இதற்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். முழங்காலுக்குக் கீழேதான். தட்டுப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

அடுத்த வீட்டுப் படியில் அந்த மலாய்க்கார அம்மா உட்கார்ந்து கூனி இறால் ஆய்ந்துகொண்டிருந்தார். பெயர் கக் ரோஸ் என்று பிறகு தெரிந்தது. எங்களைப் பார்த்ததும், "நாயிக், நாயிக்," என்று மேலே ஏறி வரச் சொன்னார். நான் மலாயில் அடுக்கடுக்காகக் கேட்டேன். அவர் இறாலிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். பெரிய தண்ணீர், வருடக் கடைசி மாதங்களில்தான் இவ்வளவு வரும். முழு நிலாவுக்கும் இருட்டு நிலாவுக்கும் இரண்டு மூன்று நாள். நடுப்பகலுக்கு ஏறும், சாயங்கால அஸார் தொழுகைக்குள் இறங்கிவிடும். வீட்டுக்குள்? அவர் வந்த இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை, மழையும் சேர்ந்து வந்தபோது, கணுக்கால் அளவு. அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றினாராம்.

"இதை ஏன் போன தடவை சொல்லல?" என்றேன்.

"போன தடவை நீ கொசுவைப் பற்றித்தானே கேட்டாய்?" என்று சிரித்தார்.

நாங்கள் பார்க்க வந்த வீட்டின் மூன்றாம் படியில் போய் உட்கார்ந்தோம். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ராகுகாலம் வந்தாயிற்று. தண்ணீர் இரண்டாம் படியின் விளிம்பைத் தொட்டு, அதற்கு மேல் ஏறவா வேண்டாமா என்று அங்கேயே நின்றது. சேவியர் தார்ச்சாலையில் காருக்குப் பக்கத்தில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. வேறு வீட்டுக்குப் பணம் இல்லை, நாளும் இல்லை. இங்கேயோ கடல் வாசலில் நிற்கிறது. எங்களுக்குப் பிறகு அது இன்னும் ஏறுமா, யாருக்குத் தெரியும்?

"மல்லிகா," என்றார் என் கணவர். "ஒரு சத்தம் கேக்குது பாரு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நல்ல காதையும் தீட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டது. கண்டல் வேருக்கு அடியிலிருந்து சட்சட்டென்று, எண்ணெய்யில் கடுகு வெடிக்கிற மாதிரி, ஆயிரம் சின்னச் சத்தம். கக் ரோஸிடம் கை காட்டிக் கேட்டேன். தண்ணீர் ஏறும்போது ஒரு வகை இறால் கொடுக்கைச் சொடுக்குமாம். பெரிய தண்ணீர் வந்தால்தான் இவ்வளவு பக்கத்தில் கேட்குமாம்.

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். அடித்து வளைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் முப்பது வருடம் நின்ற மனிதர், ஒரு விரல் நீளம்கூட இல்லாத இறாலின் சத்தத்தை எனக்கு முன்னால் கேட்டிருக்கிறார். பிறகு கண்ணைத் திறக்காமலே, "தட்டை எடு," என்றார்.

"ராகுகாலம்ங்க."

"கடலே வந்து வாசல்ல நிக்குது. இதுக்கு மேல மறைக்க இந்த வீட்ல ஒண்ணும் இல்ல. நல்ல நேரத்துல பார்த்தப்ப எதையும் காட்டலையே."

அவர் வாதம் செய்து ஜெயித்ததாக எங்கள் கல்யாண வாழ்க்கையில் இன்னொரு சம்பவம் ஞாபகமில்லை. சேவியரைக் கூப்பிட்டேன். கால்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு வந்து, தண்ணீரிலேயே நின்றபடி, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். எனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்று மணிக்குப் பார்த்தால் சந்து திரும்ப வந்திருந்தது, கொஞ்சம் சேறோடு.

இனி லாரிக்கு நாள் பார்க்க வேண்டும். சாமான் ஏற்றிய லாரி அந்த மண் சந்தில் சிக்கினால் எடுக்க ஆளில்லை. கார்த்திகையில் தண்ணீர் எப்போது குறைவாக இருக்கும் என்று கக் ரோஸிடம் போனில் கேட்டேன். அவர் தேதி சொன்னார். நான் கேலண்டரைப் புரட்டினேன். தேய்பிறை அஷ்டமி. அவசரமாக அடுத்த நாளைப் பார்த்தேன். நவமி. நிலா பாதியாக இருக்கும்போதுதான் கடல் அடங்கியிருக்கிறது. அந்த நாட்களை ஒதுக்கிவிட்டுத்தான் நாங்கள் எல்லாம் செய்துகொண்டிருந்தோம்.

அஷ்டமியிலேயே போனோம். லாரி பாலம் வழியாகப் போனது. நாங்கள் இருவரும் ஃபெரியில் போனோம், அவர் ஆசைப்பட்டதால். வேலைக்குப் போன காலமெல்லாம் இதே ஃபெரியில் தூங்கியே கழித்தவர், அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜார்ஜ்டவுன் சின்னதாவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஊரில் எனக்குக் குறை எதுவும் இல்லை. கை எட்டுகிற தூரத்தில் கோயில், மார்க்கெட், ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தன. இங்கே ஒரு கட்டு வெற்றிலைக்கே பன்னிரண்டு கிலோமீட்டர்.

லாரி சக்கரம் நனையாமல் வாசல்வரை வந்தது. சாமி படம் வைத்து, அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினேன். பால் பொங்குகிற நேரத்தில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, சுங்கை பட்டாணியிலிருந்து என் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, ஒனக்குப் பைத்தியமா? அஷ்டமியில யாராச்சும் பால் காய்ச்சுவாங்களா? நீயா இப்படிப் பண்ணுன? ஒரு போன் போட்டிருந்தா நான்..."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த என் கணவர் திரும்பி, போனை வைக்கும்படி கையைக் காட்டினார். வலது காது கண்டல் பக்கம் இருந்தது. தங்கை இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். நான் போனை அணைத்துவிட்டு, பால் டம்ளரோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.