முதன்முதலில் வந்த தேதி

பருத்திப்பட்டு ஏரிக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் என்பது பேருக்குத்தான், பிழைப்பு ஓடுவது ஆன்லைன் மனுக்களில். சாதிச் சான்றிதழோ பட்டாவோ, இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்புக்கு விழுந்த அடி இது.

போன வருடம் ஒரு பெண் சின்ன மகளோடு கடை வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினாள். டிரைவரிடம் சுத்தமான மெட்ராஸ் தமிழில் வழி சொல்லிக்கொண்டிருந்தவள், திரும்பி மகளிடம், "ஓடாத, இஞ்ச வா" என்றாள். யார் இவள், எந்த ஊர் என்று எனக்குக் குழம்பியது. குழப்பம் அன்றோடு தீரவில்லை.

சண்டைக் காலத்தில் இலங்கையிலிருந்து அவளுடைய அம்மாவும் அப்பாவும் படகில் வந்தார்கள். சென்னைக்கு வடக்கே ஒரு முகாமில் இருந்தபோது, இங்கே அரசு ஆஸ்பத்திரியில் இவள் பிறந்தாள். இங்கேயே படித்தாள். சண்டை முடிந்த பிறகு முகாமிலேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு, அதுவரை பார்த்தேயிராத மன்னாருக்குப் போனாள். அங்கே பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும் நிலை வந்தபோது, புருஷன் வளைகுடாவுக்குப் போய்விட, இவள் பிள்ளையோடு ஃபைபர் படகில் ஏறி இந்தப் பக்கம் வந்துவிட்டாள். இப்போது தெற்கே ஒரு கடற்கரை முகாமில் இருக்கிறாள்.

அப்பா இறந்துவிட்டார். அம்மா மட்டும் இங்கே, என் கடைத் தெருவிலிருக்கும் சர்ச்சுக்குப் பின்னால் வாடகை வீட்டில் தனியாக. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பார்த்துவிட்டு வர முகாமில் பத்து நாள் அனுமதி கொடுத்திருந்தார்கள். அம்மாவுடனேயே இருந்துகொள்ள மனுப் போட வேண்டும், அதற்குத்தான் என்னிடம் வந்தாள்.

பாதி மனுவில் ஒரு கட்டம்: இந்தியாவுக்கு முதன்முதலில் வந்த தேதி. எதைப் போடுவது? படகில் வந்த தேதி என்றால் அது இரண்டாவது முறை. முதல் முறை அவள் வரவே இல்லையே, இங்கேதான் பிறந்தாள். அவளைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. "எதையாவது போடுங்கக்கா, அம்மாவோட இருக்க விட்டாப் போதும்" என்றாள்.

சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. எங்கள் தொழிலில் அதற்கு ஒரே வழி, எதையாவது நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பது. நானும் அவள் பிறந்த தேதியை அடித்தேன். அடுத்த கட்டம், எப்படி வந்தீர்கள். விமானம், கப்பல், சாலை என்று மூன்றுதான் இருந்தது. படகுக்குப் பக்கத்தில் இருப்பது கப்பல்தானே என்று அதை அமுக்கினேன். மனு போய்விட்டது. டீ கூட வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவு பெருமை.

எட்டாம் நாள் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மனுப் போட்டவள் என்று நானும் கூடப் போனேன். அங்கே விசாரித்த ஏட்டு கெட்டவர் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகத்தான் கேட்டார்.

"பொறந்த அன்னிக்கே கப்பல்ல வந்துக்கீறாங்கன்னு போட்டுக்கீறியேம்மா, இன்னா இது?"

கட்டம் காலியாக இருந்தால் பக்கம் நகராது சார் என்றேன். சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இந்த மனு செல்லாது, அனுமதி முடிவதற்குள் முகாமுக்குத் திரும்பி, அங்கிருந்துதான் புதிதாகப் போட வேண்டும் என்றார் அவர். சரியான தேதி எது என்று நான் கேட்டேன். அவர் மனுவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தெரியவில்லை என்றார்.

பத்தாம் நாள் அவள் மகளோடு பஸ் ஏறினாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முகாமிலிருந்து போட்ட புது மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. அதில் என்ன தேதி போட்டார்கள் என்று அவளுக்கும் தெரியாது. அவளுடைய அம்மா வாரம் ஒரு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வருகிறார், கம்ப்யூட்டரில் பார்க்கச் சொல்லி. பார்க்கிறேன். பரிசீலனையில் உள்ளது என்றே காட்டுகிறது.

போன வாரம் தாங்க முடியாமல், தப்புத் தேதி போட்டு உங்கள் மகளை அனுப்பிவிட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா கோணிய வாயால் மெல்லச் சொன்னார்.

"அது பிழையில்லப் பிள்ள. அவ இந்த நாட்டுக்கு வந்தது அண்டைக்குத்தான். நான்தானே பெத்தனான்."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு முறை பார்க்கச் சொன்னார்.