மரக்காணத்தில் கல் வீடு எங்கே?

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி வெயிலில் மரக்காணம் போயிருந்தேன். பழைய கட்டடங்களை அளந்து குறிப்பெடுக்கும் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். உப்பளத்துக்குப் பக்கத்தில் அந்தக் காலத்துக் கல் வீடு ஒன்று இருப்பதாகவும், சுண்ணாம்புக் காரையே இல்லாமல் கல்லோடு கல்லைப் பொருத்திக் கட்டியதென்றும் கேள்விப்பட்டு, டேப்பும் நோட்டுமாகக் கிளம்பிவிட்டேன்.

டீக்கடையில், "கல் வீடு எங்கேங்க?" என்றேன்.

"எந்தக் கல்லு வூடு? இங்க எல்லாமே கல்லு வூடுதாங்க" என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் இருந்தவர், "உப்பளத்தாண்ட இருக்குதே, அதுவா? நேரா போங்க" என்று கை காட்டினார்.

போனால், பச்சை பெயின்ட் அடித்த சின்ன வீடு ஒன்று நிற்கிறது! எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கல்லின் மேல் சிமென்ட் பூசி மறைத்துவிட்டார்கள் போல என்று நானே முடிவுகட்டி, அளக்க ஆரம்பித்துவிட்டேன். என் அவசரபுத்தி அப்படி.

உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். "யாருங்க நீங்க? எதுக்கு அளக்குறீங்க? ரோட்டுக்கு எடுக்கப் போறீங்களா?"

நான் பதறிப்போய் விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "கூரை வூடு இல்லாட்டி எங்களுக்குக் கல்லு வூடுங்க. செங்கல்லும் கல்லுதானே? இது கட்டி மூணு வருஷந்தான் ஆவுது."

நான் தேடிய வீடு அதற்கு முன்பே இடிந்து விழுந்துவிட்டதாம். கல்லை எடுத்துக்கொள்ளும்படி அதன் சொந்தக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். "எல்லாம் எங்க கடைக்கால்லதான் இருக்குது" என்று பின்பக்கம் கூட்டிப்போய், சுவருக்கு அடியில் அஸ்திவாரத்தை மூடியிருந்த மண்ணைக் காலால் தள்ளிக் காட்டினார். இழைத்து வைத்த மாதிரி ஓரங்கள், உளித்தடம் அழியாத கற்கள்! அவசரமாக அவற்றையும் அளந்து எழுதிக்கொண்டேன்.

வாய் சும்மா இருந்ததா? "அய்யோ, பாதுகாக்க வேண்டிய கல்லாச்சே இது! வெளியே தெரிஞ்சா தேடிக்கிட்டு வருவாங்க" என்று கூவிவிட்டேன்.

அவர் சிரிப்பு நின்றுபோனது. "தோண்டி எடுத்துட்டுப் போயிடுவாங்களா? கூரை வூட்டுல இருந்தப்ப, மழை வந்தா பள்ளிக்கூடத்துலதான் போய்ப் படுப்போம். போன மழைக்கு வாசல்ல முட்டியளவு தண்ணி நின்னுது. இந்தக் கல்லு மேல ஒசத்திக் கட்டுனதால உள்ள ஒரு சொட்டு வரலீங்க." கையை நீட்டினார். "அளந்த பேப்பரக் குடுத்துட்டுப் போங்கக்கா."

நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

குழுவின் படிவத்தில் 'கட்டடம் இருக்கிறதா?' என்று ஒரு கேள்வி உண்டு. 'இடிந்துவிட்டது' என்று மட்டும் எழுதினேன். அது உண்மையா பொய்யா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். ஆனால் மரக்காணத்தில் கனமழை என்று செய்தி வரும்போதெல்லாம், அந்தக் கற்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றுதான் மனசு சொல்கிறது.