கொளஞ்சியப்பரிடம் கொடுத்த கணக்குப் பிராது

2006 ஆகஸ்டில் என் மகள் மதி பொறியியல் கல்லூரி விடுதியிலிருந்து பெட்டியோடு விருத்தாசலம் வீட்டுக்கு வந்து இறங்கினாள். எம்-3 என்கிற மூன்றாம் பருவக் கணக்குப் பேப்பரில் இரண்டு முறை தோற்றிருந்தாள். நவம்பரிலும் தோற்றால் பொறியியலே வேண்டாம் என்றாள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் உடைந்துபோனேன்.

அடியார்களே, அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் மனுக்களைப் பரிசீலித்தவன் நான். எந்த விதியில் எந்தச் சந்து இருக்கிறது என்பது அத்துப்படி. பத்தாவது முடிந்ததும் மதியை இங்கேயே செராமிக் டிப்ளமாவில் சேர்த்தேன். அங்கிருந்து நேரே பொறியியல் இரண்டாம் ஆண்டு. "பிளஸ் டூ படிக்கிறதெல்லாம் வழி தெரியாதவங்க" என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மடையனுக்கு விதிப் புத்தகம் கிடைத்தால் அப்படித்தான்.

மறுமதிப்பீடு, விடைத்தாள் நகல், மேல்முறையீடு எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒரு மதிப்பெண்கூட அசையவில்லை. மிச்சம் இருந்தது எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் முருகன், கொளஞ்சியப்பர். அவன் சன்னதியில் குறையையும் எதிரியின் பெயரையும் எழுதிப் பிராதாக, அதாவது புகார் மனுவாக, வேலில் கட்ட வேண்டும். எனக்கென்றே அமைந்த சாமி.

கோயிலில் உட்கார்ந்து, 'எதிரி: கணக்கு விரிவுரையாளர்' என்று எழுதினேன். பிறகு மதியிடம் குறையைக் கேட்டேன்.

"ஒண்ணுமே புரியலப்பா."

"பொத்தாம்பொதுவா எழுதினா மனு தள்ளுபடி. எது புரியல?"

"ஃபூரியர் தொடர்."

"ஏன்?"

"தொகையீடு தெரியல."

"அது ஏன்?"

"சைன், காஸ் சூத்திரமே ஏன் அப்படி வருதுன்னு தெரியல. சார்பு, அதான் ஃபங்ஷன்னா என்னன்னே தெரியல. டிப்ளமாவுல கைடைத்தான் உருப்போட்டேன். நீங்க வாங்கிக் குடுத்த கைடு."

முருகன் அந்த நிமிஷமே பதில் சொல்லிவிட்டான். எதிரியின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

பிராதை வாங்கிய கோயில் ஊழியர் விழித்தார். "ஐயா, மனுதாரரும் எதிரியும் ஒரே ஆளா இருக்குதுங்களே?"

"ஆமாங்க. அப்படியே கட்டுங்க."

திரும்பியதும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் அவர் மகளின் பழைய பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தைக் கேட்டேன்.

"வழி தெரியாதவங்க புஸ்தகம்ங்க. பரவாயில்லைங்களா?"

தலை குனிந்து வாங்கினேன். மதி சார்பு என்ற பாடத்திலிருந்து தொடங்கினாள். வரைபடம் போட்டாள், ஒவ்வொரு சூத்திரத்தையும் தானே வருவித்தாள். மூன்று மாதம் கைடைத் தொடவில்லை. நவம்பரில் தேறினாள். படிப்பைத் தொடர்ந்தாள்.

வேண்டியது நடந்தால் பிராதுக்கு ராஜினாமா, அதாவது சமரச மனு, கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். போனேன். அதே ஆள் சிரித்தார். "எதிரியோட சமாதானமாயிட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க. சாமிக்காக விடுறேன்."

முருகன் கருணைக்கு நன்றி. இப்போது யாருக்கும் குறுக்குவழி சொல்வதில்லை. நீங்களும் நம்பிப் போங்கள், கேட்பான். எதிரியின் பெயரை மட்டும் பென்சிலில் எழுதுங்கள்.