ஞானப்பூ டீச்சருக்கு ஓலை வாசித்த ஞாயிறு

போன புதன்கிழமை காலை பஸ்ஸில் வந்திறங்கிய ரெட்டியபட்டிக்காரர் ஒருவர் பள்ளிக்கூட வாசலிலேயே சொன்னார்: "ஞானப்பூ டீச்சர் நேத்து தவறிட்டாக." திருச்சுழியில் அவரோடு பதினோரு வருடம் பாடம் நடத்திய நான், அழுவதற்கு முன் சிரித்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதலில் நினைவுக்கு வந்தது. அன்று கோயிலில் இருந்த சபையாராகிய உங்களுக்கு அது புரியும்.

டீச்சர் இளவயதிலேயே கணவரை இழந்தவர். ஓய்வு பெற்றபின் மகன் சாமுவேல் வீட்டில் இருந்தார். சாமுவேல் நல்லவர். வெயிலில் போகாதீர்கள், வேலை செய்யாதீர்கள் என்று அன்பாகவே அம்மாவை அடைத்து வைத்திருந்தார். "சாவுக்குக் காத்திருக்க ஒரு பாய் விரிச்சுக் குடுத்திருக்கான், மேரி" என்று டீச்சர் என்னிடம் ஒருமுறை சொன்னார்.

யுத்தம் முடிந்த மறுவருடம், நாற்பத்தாறில், மனைவியை இழந்த ரெட்டியபட்டிப் பருத்தி வியாபாரி தேவசகாயம் அவரைப் பெண் கேட்டார். டீச்சர் யோசிக்க ஒருநாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கோயிலில் கலியாண அறிவிப்பான ஓலையை வாசித்த போதகர், தடை சொல்ல யாரும் உண்டா என்று கேட்டார். சாமுவேல் எழுந்தார்.

"அம்மாவுக்கு அறுபத்தொரு வயசு, ஐயா. பேரன் பேத்தி எடுத்தவுக. ஊரே சிரிக்கும்."

டீச்சரும் எழுந்தார். "ரெண்டு வருசமா மழையில்ல. சிரிக்கவாவது ஒரு காரியம் கெடைக்கட்டுமே, ஐயா."

பெண்கள் பக்கம் தொடங்கிய சிரிப்பு கோயில் முழுக்கப் பரவியது. "வயசு பத்தலன்னாத்தான் தடை" என்றார் போதகர். சாமுவேல் மட்டும் சிரிக்காமல் வெளியே போனார்.

அன்றே டீச்சர் என் வீட்டுக்கு வந்துவிட்டார். கலியாணத்தன்று சேலை கட்டும்போது சொன்னார்: "அவன் வரலன்னாலும் நான் போவேன். வந்தா நல்லாருக்கும்."

கோயில் மணி அடிக்கும் நேரத்தில் மாட்டுவண்டி ஒன்று என் வீட்டு வாசலில் நின்றது. சாமுவேல் பிள்ளைகளோடு இறங்கினார். "ஆச்சி கலியாணத்துக்கு நாம ஏன் போகலன்னு பிள்ளைக கேக்குதுக. வாங்கம்மா, நேரமாச்சு." தானே கைபிடித்து அழைத்துப் போனார்.

மூன்று வருடம் ரெட்டியபட்டியில் குடும்பம் நடத்தினார்கள். நான் போகும்போதெல்லாம் குழம்பில் புளி கூடியதா குறைந்ததா என்று இருவருக்கும் வழக்கு நடக்கும். தீர்ப்பு சொல்லும் வேலை எனக்கு.

என்னோடு இருக்கும் என் அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேனே தவிர, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. டீச்சரைப் பார்த்துத்தான் கேட்கத் தொடங்கினேன். "நரிக்குடிச் சந்தையில ஆடு பாக்கணும்" என்றார் அப்பா. போனோம். வாங்கவில்லை. திரும்பும் வழி முழுக்க அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். அந்தக் கேள்விதான் டீச்சரிடமிருந்து எனக்கு வந்த சொத்து. இப்போது தினமும் காலையில் கேட்கிறேன்.