மட்டையில் என் எழுத்து

எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணியை ஜெர்மன்காரரே பெரிதாகக் கவனிப்பதில்லை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரம் வந்தால் வரும் சின்ன ஊர் இது. மைதானத்தின் ஒரு பக்கம் மட்டும்தான் உட்கார்ந்து பார்க்க வாங்குகள் போட்டிருக்கும். அதில் பாதியை நாங்கள், தமிழர், நிரப்பிவிடுவோம். காரணம் ஒன்றே ஒன்று: அணியின் குவாட்டர்பேக் எங்கள் பொடியன்.

குவாட்டர்பேக் என்றால் பந்தை வாங்கி, அதை யாருக்கு எறிவது என்று கண் மூடித் திறப்பதற்குள் முடிவெடுப்பவன். எனக்கு விளங்கிய விளையாட்டு அவ்வளவுதான். என் கணவருக்கு அதுவும் விளங்காது, ஆனால் நடுவரைத் திட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தொழிற்சாலையில் விடியற்காலை வேலை முடித்துவந்து பிணம் மாதிரி விழுந்து படுக்கிற மனிதர், ஆட்டம் என்றால் விசிலும் கையுமாக முதல் ஆளாய் நிற்பார். ஒருமுறை கோயிலில் பொடியன் பெயரில் அர்ச்சனை செய்யப் போய், ஐயர் நட்சத்திரம் கேட்க, திருதிருவென்று முழித்துவிட்டு, வரிசையில் நின்றபடியே அவன் தாய்க்குப் போன் போட்டார்.

அந்தத் தாயைத்தான் நான் அக்கா என்பேன். இரத்தச் சொந்தமில்லை. நான் கலியாணமாகி இங்கே வந்தபோது எனக்கு டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், ஒரு சொல் தெரியாது. டாக்டரிடம் நேரம் கேட்டு டெர்மின் எடுப்பது, வெளிநாட்டவர் அலுவலகத்தில் வாய் திறப்பது, எல்லாம் அக்காதான். மகள் பிறந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான். என்னை எப்போதும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அது பிடிக்கும். இந்த ஊரில் என்னை அப்படிக் கூப்பிட வேறு யாரும் இல்லை.

ஆட்டத்துக்குக் கொண்டுபோக, முதல் நாள் அக்காவின் குசினியில் நாங்கள் இருவருமாக ரோல்ஸ் செய்வோம். பெட்டிகளின் மேல் ஆடு, மீன், மரக்கறி என்று எழுதுவது என் வேலை. "உன்ரை எழுத்து அச்சடிச்ச மாதிரி" என்பார். அப்படி ஒரு நாள் கறியை உள்ளே வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, தலை நிமிராமல் தன் தமையனைப் பற்றிச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு நாள் காலை தமையனைச் சந்தியில் லைட் போஸ்டில் கட்டிவைத்துச் சுட்டிருந்தார்கள். கழுத்தில் ஒரு காகித மட்டை தொங்கியது. அதில் துரோகி என்று எழுதியிருந்தது. யார் செய்தது, எதற்குச் செய்தது என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்குள் அதைக் கேட்பதில்லை.

"அந்த ரோல்ஸை வடிவா ஒட்டு, வாய் திறந்திருக்கு" என்றார். ஒட்டினேன்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும்.

இலையுதிர் காலத்தில், ஆட்டங்கள் எல்லாம் முடிந்த கையோடு, பொடியன் போகிறான் என்ற செய்தி எல்லோருடைய போனிலும் வந்து விழுந்தது. போவது பக்கத்து நகரத்துப் பெரிய அணிக்கு. வேறு எங்கே போயிருந்தாலும் பொறுத்திருப்போம். அந்த அணியிடம் நாங்கள் வருடம் தவறாமல் அடி வாங்குகிறவர்கள். ஜெர்மன் ரசிகர்கள் 'அட, அநியாயம்' என்றார்கள், ஆளுக்கொரு பியர் திறந்தார்கள், போய் நன்றாக விளையாடு என்று அவனுக்கு எழுதினார்கள். அதோடு அவர்களுக்கு அது முடிந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுதான் பற்றி எரிந்தது. "எங்கடை கையால திண்டு வளந்தவன்" என்று ஒருவர். "வெள்ளைக்காரனுக்கு முன்னால தலை நிமிந்து நிண்டம், இப்ப எந்த முகத்தோட போறது" என்று இன்னொருவர். அவன் எங்களைக் கேட்டா பந்தை எறியத் தொடங்கினான் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

எனக்கும் கோபம் வந்தது, ஆனால் அவன்மேல் அல்ல. கடைசி ஆட்டத்துக்கு நாங்கள் ரோல்ஸ் சுற்றியபோதே அக்காவுக்கு விஷயம் தெரிந்திருக்கும். பக்கத்தில் நின்று மாப் பிசைந்தவளிடம் ஒரு மூச்சு விடவில்லையே, நான் என்ன ஊரான் வீட்டுப் பெண்ணா என்று எனக்குள் பொரிந்து தள்ளினேன். அதைக் கேட்டுத் தீர்த்திருக்கலாம். நான் கேட்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

துரோகி என்ற சொல்லைக் குழுவில் முதலில் போட்டது யார் என்று தெரியாது. சிரிக்கிற பொம்மைகளோடு வந்தது. எங்கள் ஆட்களிடம் அந்தச் சொல் அப்படித்தான் ஆகிவிட்டது. பிறந்தநாள் விழாவுக்கு வராதவன் துரோகி, சீட்டாட்டத்தில் இடையில் எழும்பிப் போனவன் துரோகி. சொல்லிச் சொல்லி, அது எங்கிருந்து வந்தது என்பதை மறந்திருந்தோம், அல்லது மறந்த மாதிரி இருந்தோம்.

சனிக்கிழமை மைதானத்தில் வருட முடிவு விருந்து. அக்காவும் பொடியனும் வரவில்லை. இறைச்சி வாட்டுகிற புகைக்கு நடுவே என் கணவருக்கு ஒரு யோசனை வந்தது. பொடியன் கையெழுத்துப் போட்டு எங்கள் மகளுக்குக் கொடுத்த விளையாட்டுச் சட்டை காரில் கிடந்தது. அதைக் கார் நிறுத்துமிடத்து லைட் போஸ்டில் கட்டிவிடுவோம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாம்பழப் பெட்டியைக் கிழித்து ஒரு மட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இஞ்சாரும், உம்மடை எழுத்துத்தான் வடிவு. தமிழில எழுதும், இவங்களுக்கு விளங்காது, பகிடியா இருக்கும்."

எழுதினேன். கறுப்பு மார்க்கரால் எழுதி, தூரத்தில் இருந்து தெரியவில்லை என்று ஒருவர் சொல்ல, ஒவ்வொரு எழுத்தையும் இரண்டாம் முறை தடிப்பாக்கினேன். கணவர் வீட்டுக்குப் போய் ஏணியைக் கொண்டுவந்தார். சட்டையின் கைகளைப் பின்பக்கமாக இழுத்து, போஸ்டைச் சுற்றிக் கொடிக்கயிற்றால் கட்டினார். மட்டையைக் கழுத்தில் மாட்டினார். ஆட்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டேன். அக்காவும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பது எனக்கு நினைவிருந்தது. பார்க்கட்டும் என்றுதான் போட்டேன்.

தமையனின் நினைவு மட்டும் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. போஸ்ட், கயிறு, மட்டை, அந்தச் சொல் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தன. அந்த மைதானத்தில் அதை வாசிக்கக்கூடியவர்கள் நாங்கள் மட்டும்தான்.

ஞாயிறு காலை வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். மழைக்கோட்டோடு அக்கா நின்றார். அவர் முகத்தைக் கண்டதும்தான் அந்தக் குசினியும், அவர் குனிந்த தலையும், அவர் சொன்ன கதையும் எனக்கு நினைவு வந்தன.

"ஏணி உங்களிட்டைத்தானே இருக்கு" என்றார்.

'உன்னிடம்' இல்லை, உங்களிடம் என்றார். எத்தனையோ வருடத்தில் முதல் தடவை.

கணவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு பின்னால் வந்தார். "அக்கா, அது சும்மா ஒரு பகிடிக்கு... நான் இப்பவே போய்க் கழட்டிக்கொண்டு வாறன்."

"நீங்கள் வேண்டாம். ஏணியை மட்டும் தாங்கோ." பிறகு என்னைப் பார்த்தார். "எழுத்தைப் பாத்தனான். ஆர் எழுதினதெண்டு தெரிஞ்சுது."

பஸ்ஸில் ஏணியைக் கொண்டுபோக ஏலாது, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று கெஞ்சிக் காரில் ஏற்றினேன். வழியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை எனக்கு.

"அவன் போறதை எனக்கு நீங்கள் சொல்லேல்லை எண்டு கோவம் அக்கா."

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அம்மா எண்டு கேட்டவன்" என்றார், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு. "உங்களுக்கு மட்டும் சொல்லுவம் எண்டு ரெண்டு தரம் வாயெடுத்தனான்."

இரவு பெய்த மழையில் சட்டை நனைந்து, போஸ்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாயோடு நடந்துபோன ஒரு ஜெர்மன் அம்மா எங்களுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். நான் ஏணியைச் சாத்தினேன். அக்கா ஏறினார். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. அவர் விரல்கள் அதில் வழுக்கி வழுக்கி வந்தன.

"நீங்கள் இறங்குங்கோ அக்கா. நான் அவிழ்க்கிறன். இல்லாட்டிக் காரில கத்தி இருக்கு, வெட்டிவிடுவம்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. முடிச்சைப் பார்த்தபடியே சொன்னார்.

"அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் அண்ணையை அவிழ்க்க விடேல்லை. அம்மாவும் நானும் பக்கத்தில நிண்டனாங்கள். தெரிஞ்ச சனம்தான் முழுக்க, சுத்தி நிண்டு பாத்துக்கொண்டு இருந்தது. இவன்ரை சட்டையை எண்டாலும் நான் அவிழ்ப்பன்." பிறகு, "ஏணியைப் பிடியுங்கோ" என்றார்.

பிடித்தேன். முடிச்சு அவிழ நிறைய நேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அன்று நின்ற சனத்தைப் போலவே.

இறங்கி வந்து சட்டையைப் பிழிந்து, கைகளை உள்ளே மடித்து, கைப்பைக்குள் வைத்தார். மட்டையை என்னிடம் நீட்டினார்.

"இது உங்கடை."

வாங்கிக்கொண்டேன். வீட்டில் விடுகிறேன் அக்கா என்றேன். பஸ் இருக்கு என்றார். அவர் வளைவில் திரும்பும்வரை நின்றுவிட்டுக் கையைப் பார்த்தேன். இரவு முழுக்க மழை பெய்தும் ஒரு எழுத்துக்கூடக் கரைந்திருக்கவில்லை.