கோடியும் மறுகாலும்

எண்பதுகளின் பிற்பாதியில் சென்னையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் டீபக்கர் எழுதிக்கொண்டிருந்தேன். பிறர் எழுதிய நிரலை நடுவழியில் நிறுத்தி, அந்தக் கணத்தில் பிராசஸரின் அறைகளில் என்ன எண் இருக்கிறது என்று எட்டிப் பார்க்க உதவும் நிரலுக்கு அந்தப் பெயர். அறை என்று நான் சொல்வதைக் கையேடுகள் ரெஜிஸ்டர் என்னும். முழு எண்களுக்கான அறைகளை எல்லா டீபக்கரும் காட்டிவந்தன. புள்ளி வைத்த எண்களுக்குத் தனியே ஒரு சில்லு வாங்கிப் பொருத்த வேண்டும். அதற்குள் எட்டு அறைகள், தட்டுகளை அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாக. புதிய எண் மேலே வந்து உட்காரும், எடுப்பதும் மேலிருந்துதான். இந்த எட்டையும் டாஸ் ஓடும் மேசைக் கணிப்பொறியிலும் யுனிக்ஸ் ஓடும் பெரிய இயந்திரத்திலும் ஒரே கட்டளைக்கு ஒரே மாதிரி காட்டவேண்டும் என்பது எனக்கு இட்ட வேலை. அதை முடித்துவிட்டதாக நானும் நம்பி, நிறுவனத்தையும் நம்பவைத்திருந்தேன்.

வாரக் கடைசியில் உத்திரமேரூரில் இறங்கி, சாலவாக்கம் பக்கம் போகும் டவுன் பஸ் பிடித்து ஊருக்கு வருவேன். ஒருமுறை என் தாய்மாமாவுக்கு வேலையை விளக்கப்போய், புள்ளி வைத்த எண்களைக் குறிக்கும் மிதக்கும் புள்ளி என்ற சொல்லை வெளியே விட்டுவிட்டேன்.

"இன்னாடா மாப்ளே, புள்ளி மெதக்குமா? இந்த ஊர்ல கீற பெரும்புள்ளிங்க எல்லாம் தண்ணி இல்லாம தரை தட்டிக்கினு கெடக்குறோம். மொதல்ல எங்கள மெதக்க வுடு."

மாமா விளையாட்டாக ஒன்றைச் சொல்கிறார் என்றால் அதற்குள் ஒரு காரியம் இருக்கும். அப்போது அவருடைய காரியம் ஏரி. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்தோடும் கல்கட்டுக்கு எங்கள் பக்கம் கோடி என்று பெயர். அந்தக் கோடியை ஒன்றரை அடி உயர்த்திக் கட்டினால் ஏரியில் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும், மாமாவைப் போன்ற பாசனக்காரர்களுக்கு இரண்டாம் போகம் நிச்சயம். ஆனால் ஏரியின் மேல்கரையில், தண்ணீர் தேங்கும் உள்வாய் ஓரமாக, கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் துண்டு துண்டாக நெல் வைத்திருந்தன. கோடி உயர்ந்தால் அந்தத் துண்டுகளுக்குத் தண்ணீர் ஏறுமா என்பதுதான் கேள்வி. ஏரி சீரமைப்புக்காக வந்திருந்த உதவிப் பொறியாளர், ஏறும் என்றார். அரை அடிக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று குறிப்பு எழுதிவிட்டார்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஏரியைக் குளம் என்பார், கோடியை மறுகால் என்பார். அவருடைய கணக்கில் குற்றம் காணத் தெரியாதவர்களுக்கு இது போதுமானதாக இருந்தது.

"கொளமாம், மறுகாலாம்! ஏரிக்கே பேரு தெரியல, இந்தாளு கணக்க நம்பி நாம குந்திக்கினு கெடக்கணுமா?" என்றார் மாமா. "அவன் கணக்கெல்லாம் கம்பீட்டர்ல போட்டானாம். நீ கம்பீட்டர்காரன்தானே? வந்து பாரு."

மறுக்கத் தோன்றவில்லை. எட்டு அறைகளைக் காட்டும் என் டீபக்கரை வெளியில் ஒருவரிடம் ஓட்டிக்காட்ட வாய்ப்பு என்றுதான் தோன்றியது.

உத்திரமேரூரில் அவருடைய அலுவலகத்துக்கு, மாமாவும் பாசனக்காரர்கள் சிலரும் உடன்வர, பிளாப்பி சகிதம் போனேன். கணிப்பொறி அறைக்கு வெளியே எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். பொறியாளர் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க சார். யாராவது ஒருத்தர் பாத்தா நல்லாருக்கும்னுதான் நானும் நெனச்சுக்கிட்டிருந்தேன். மட்டம் எடுத்ததெல்லாம் இதுக்குள்ள இருக்கு. மறுகால அரையடிக்கு மேல ஏத்துனா மேகரைல பயிரு மூழ்கிரும். தப்பா இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிடுதேன்."

அங்கே இருந்தது டாஸ் இயந்திரம். அவருடைய நிரலை அப்படியே ஓட்டினோம். அரை அடி. பிறகு என் டீபக்கருக்குள் வைத்து, ஒவ்வொரு மட்டக் கணக்கிலும் நிறுத்தி, எட்டு அறைகளையும் திரையில் காட்டி, மேலே செல்லவிட்டேன். கடைசியில் ஒன்றரை அடி என்று வந்தது. இரண்டாம் முறையும் ஒன்றரை.

இந்த இடத்தில் செய்யவேண்டியது என்ன என்பதை நான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். தானாக ஓடும்போது ஒரு விடையும் நிறுத்திப் பார்க்கும்போது வேறு விடையும் வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நிறுத்திப் பார்க்கும் கருவியை. அன்று என் பின்னால் மாமா நின்றிருந்தார். நான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "உங்கள் நிரலில் ஏதோ பிசகு இருக்கிறது சார். நிதானமாக ஓட்டினால் ஒன்றரை வருகிறது" என்றேன்.

அவர் காகிதங்களைப் புரட்டினார். "அப்படியா? கையாலயும் ரெண்டு தடவை போட்டுப் பாத்தேனே சார்."

"கையால் போட்டால் தவறு வரத்தான் செய்யும்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொல்லாமல் வேறு யாரோ சொன்னதாக நினைத்துக்கொள்ளப் பல வருடங்களாக முயன்றிருக்கிறேன்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் மாமா பஸ் நிலையத்து டீக்கடை வரை செய்தியைச் சேர்த்துவிட்டார்.

திங்கட்கிழமை, பெருமைக்காகத்தான், பிளாப்பியில் எடுத்து வந்திருந்த அதே நிரலைச் சென்னையில் யுனிக்ஸ் இயந்திரத்தில் ஏற்றி அதே டீபக்கரில் ஓட்டினேன். அரை அடி வந்தது. எத்தனை இடத்தில் நிறுத்தினாலும் அரை அடிதான். மதியம் சாப்பிடப் போகாமல் என் நிரலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யுனிக்ஸில் ஒரு நிரல் நிற்கும்போது அறைகளில் உள்ளதைப் பத்திரப்படுத்துவதும் திரும்ப நிரப்புவதும் யுனிக்ஸின் பொறுப்பு. அது எடுத்து வைத்திருப்பதை நான் பார்த்துக் காட்டினால் போதும். டாஸில் அப்படி மேற்பார்வைக்கு யாரும் இல்லை. எடுப்பது, காட்டுவது, திருப்பி வைப்பது எல்லாம் என் தலையில். மொத்தமாகத் திருப்பி வைக்கக் கையேட்டில் ஒரே கட்டளை இருந்தது. நான் அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக, எண்களை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிவிட்டு, எடுத்த வரிசையிலேயே திரும்ப அடுக்கியிருந்தேன். அப்படி அடுக்கினால் மேல் தட்டு அடியில் போய்விடும். பொறியாளரின் கணக்கில் எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதே மாறிப்போயிருந்தது. இதை நான் சோதிக்காமல் இல்லை. ஒரே ஒரு எண்ணை வைத்துச் சோதித்திருந்தேன். ஒற்றைத் தட்டை எந்த வரிசையில் அடுக்கினாலும் சரியாகத்தான் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை முதலில் பொறியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அப்ப என் கணக்கு சரிதான் என்ன?" என்று சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இத வெளியயும் சொல்லுவீங்களா சார்?" என்று கேட்டார். அதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

மாமாவும் மற்றவர்களும் நாஷ்டா கடையில் இருந்தார்கள். ஓரத்தில், மேல்கரையில் பயிர் வைத்திருக்கும் ஓர் அம்மாள் தூக்கில் டீ வாங்க நின்றிருந்தாள். நான் கடைக்காரரிடம் எட்டு எவர்சில்வர் தட்டுகளை வாங்கி மேசையில் அடுக்கினேன். மேலிருந்து எடுத்து எடுத்த வரிசையில் அடுக்கிக் காட்டினேன். தவறு என்னுடையது, பொறியாளருடைய கணக்கு சரி, அரை அடிதான் என்று மூன்று விதமாகச் சொன்னேன்.

எல்லோருக்கும் புரிந்தது. புரியவில்லை என்றால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தாமதமாக வந்த ஒருவருக்கு மாமாவே தட்டுகளை எடுத்து அடுக்கி, ஒரு பிழையும் இல்லாமல் விளக்கினார். விளக்கிவிட்டு, "இப்போ இன்னா விஷயம் தெரியுமா? அந்தாளு வேலைக்கு பேஜார் ஆயிடப் போவுதுன்னு நம்ம புள்ள பயிய தன் மேல போட்டுக்கினு கீது. பெரிய மனசு" என்றார்.

"மாமா, அப்படி இல்லை. நிஜமாகவே என் தவறு."

"பாத்தியா, பாத்தியா? இப்பவும் வுட்டுக் குடுக்க மாட்டேங்குது. எங்க அக்கா வளத்த வளப்பு அப்பிடி."

ஒருவர் என் முதுகில் தட்டினார். நான் இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுத்தேன். மறுக்க மறுக்க என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

தூக்கோடு நின்றிருந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்போ ஒசத்துனா எங்க துண்டு முயுகிடும்னு சொல்றியா சாமி?"

"முழுகிவிடும்மா."

அவள் மாமாவிடம் திரும்பினாள். "கேட்டியா, ஒன் அக்கா புள்ளயே சொல்லுது."

"அது நல்ல புள்ள, அப்பிடித்தான் சொல்லும். நீ டீய வாங்கிக்கினு போ, ஆறிடப் போவுது" என்றார் மாமா. கடையே சிரித்தது.

அடுத்துப் பொறியாளரின் மேலதிகாரிகளுக்கு மனு போனது. ஊர்க்காரரும் கணிப்பொறி வல்லுநருமான இன்னார் நேரில் சோதித்து, பொறியாளரின் கணக்கில் பிழை கண்டார் என்று அதில் என் பெயரைப் போட்டிருந்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. முறை தெரிந்தவன் ஆயிற்றே! நடந்ததை வரிசைப்படுத்தி, இரண்டு இயந்திரங்களின் விடைகளையும் இணைத்து, யார் யாருக்கு நகல் என்று அடியில் குறித்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வந்தது: கடிதம் மனுதாரரிடமிருந்து பெறப்படாததால் பார்வையிட்டு முடிவு செய்யப்பட்டது. நடவடிக்கை இல்லை என்பதற்கு அலுவலகத் தமிழ். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

பொறியாளரிடம் விளக்கம் கேட்டார்கள். கொடுத்தார். மறுபடி கேட்டார்கள். பிறகு அவரே மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டார். உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் பெட்டி, படுக்கை, ஒரு மட்டம் பார்க்கும் கம்பு சகிதம் நின்றவரைப் பார்த்தேன். பார்க்காதது போலப் போயிருப்பேன், அவர்தான் கூப்பிட்டார்.

"சார், உங்க டீபக்கர்ல அந்தத் தப்ப திருத்திட்டீங்களா?"

"அன்றைக்கே திருத்திவிட்டேன்."

"நல்லதாப் போச்சு. அப்ப எனக்கு ஒரு காப்பி அனுப்ப முடியுமா? புது ஊர்லயும் இதே மிஷின்தான் இருக்காம். நல்ல சாமான் சார் அது, எட்டையும் ஒண்ணாக் காட்டுதே."

ஒரு துண்டுத் தாளில் முகவரி எழுதிக் கொடுத்தார். என்னைக் குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிளாப்பியை அனுப்பினேன், நன்றி சொல்லி அஞ்சலட்டை போட்டிருந்தார்.

அவர் இடத்துக்கு வந்தவர் உள்ளூர்ப் பேச்சு தெரிந்தவர். ஏரி என்றார், கோடி என்றார், ஒன்றரை அடி என்றும் எழுதினார். மழைக்கு முன்பே கோடியை உயர்த்திக் கட்டிவிட்டார்கள்.

அடுத்த கார்த்திகையில் மழை கொட்டியது. ஏரி நிரம்பிக் கோடி போய்விட்டது, கெடா வெட்டுகிறோம், கட்டாயம் வா என்று மாமா ஆள் சொல்லி அனுப்பினார். கரைமேல் நடந்து போனேன். மேல்கரைப் பக்கம் நெல்லின் நுனிகள் மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தன; சில துண்டுகளில் அதுவும் இல்லை. அந்த அம்மாள் தொடையளவுத் தண்ணீரில் நின்று, பால் பிடித்தும் பிடிக்காமலும் இருந்த கதிர்களை அறுத்துக்கொண்டிருந்தாள். மாட்டுக்காவது ஆகட்டும் என்றுதான் இருக்கவேண்டும்.

"தண்ணி ரொம்ப ஏறிடுச்சாம்மா?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

அவள் நிமிர்ந்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "நீ சொன்ன அளவுதான் ஏறிக்கீது சாமி" என்றாள். பிறகு குனிந்து அடுத்த பிடியை அறுத்தாள். எந்த அளவைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டும் நான் சொன்னதுதான்.

கோடிப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. "இன்னாடா மாப்ளே, அங்க நின்னுக்கினு இன்னா பண்றே? வாடா, கறி ஆறுது. ஒனக்கோசரம் எல்லாரும் எலையப் போட்டுக்கினு குந்திக்கினு கீறோம்!"

பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இறங்கி என்ன செய்வது என்பதற்கு எனக்கு எந்த முறையும் தெரியவில்லை. போனேன். எனக்கென்று முதல் இலையை விட்டுவைத்திருந்தார்கள். கறி நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.